வரைபடத்தில் அது ஜெப அறை

3 மார்ச் 2025, திங்கள்

பேப்பரில் வந்தேவிட்டது. நகரத் திட்ட விதிகளை மாற்றப் போகிறார்களாம். எங்கள் சகாயமாதா நகர் மாதிரி இடங்களில் இதுவரை ஒரு மனைக்கு ஒரு வீடுதான். இனிமேல் மூன்று குடித்தனம் வரை இருக்கலாம், மாடியைத் தனி வீடாக்கி வாடகைக்கு விடலாம், சின்ன ஃபிளாட்டும் கட்டலாம். இப்போதைக்கு வரைவுதான். ஆட்சேபனையோ ஆலோசனையோ, ஏப்ரல் 4-க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் படித்து முடித்ததும் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். விதி மாறினால் மாறட்டும். மாறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தரும் அடுத்த வீட்டு மாடியை அண்ணாந்து பார்ப்பார்களே, அதை யார் தாங்குவது?

அரை மணி நேரத்தில் செல்லதுரை சார் போன். எதிர்வீட்டுக்காரர், நகர் நலச் சங்கத் தலைவர். நான் செயலாளர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கிடைத்த பதவி, வேறொன்றும் இல்லை.

"டீச்சர், பாத்தீங்களா அநியாயத்த? விடக் கூடாது இத. கண்டவனும் குடி வந்துருவான். நீங்க மனுவ எழுதுங்க, நான் வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கிடறேன்."

"சரிங்க சார்" என்றேன். முப்பத்து மூன்று வருடம் நாலாம் வகுப்பை மிரட்டி மேய்த்தவள். பெரிய மனிதர்கள் முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போனை வைத்ததும் மாடிக்குப் போய் ஜன்னலைச் சாத்தினேன். ரிஸ்வானா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வெக்கையா இருக்கே டீச்சரம்மா?" என்றாள். பூச்சி வருகிறது என்றேன்.

4 மார்ச்

எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன். நான் என்ன திருடியா?

மாடி, எங்கள் வீட்டுக்காரர் சிங்கராயர் இருக்கும்போது கட்டியது. மகன் ரெஜினுக்குக் கல்யாணமானால் தனியாக இருந்துகொள்ளட்டும் என்று சமையலறையோடு கட்டச் சொன்னார். இரண்டாவது சமையலறை காட்டினால் அனுமதி கிடைக்காது. அது இரண்டாவது வீடு ஆகிவிடும். பிளான் போட்டவர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "ஜெப அறைன்னு போட்டுருவோம் சார். நம்ம ஆளுங்க வீட்ல யாரு கேக்கப் போறா?" அப்படியே போட்டார். அந்த அறையில் ஒரு அருள்நிறை மரியே கூட நான் சொன்னது இல்லை.

அவர் போய் நாலு வருடம். ரெஜின் மஸ்கட்டில். போன அக்டோபரில் போன் செய்தான். அவனோடு அங்கே வேலை பார்த்த யூசுப், முத்துப்பேட்டைக்காரன், இப்போது அரிசி ஆலைகளில் மெஷின் பழுது பார்க்கிறான். மனைவி ரிஸ்வானாவுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது தங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூரில் ஏழு வீட்டில் பெயரைக் கேட்டதும் இல்லை என்றார்களாம்.

வாடகைக்கு வரச் சொன்னேன். தெருவில், "ரெஜின் சிநேகிதன் குடும்பம், வைத்தியத்துக்கு வந்திருக்காங்க, என்னோடதான் சாப்பாடு" என்று சொல்லி வைத்தேன். விருந்தாளி என்றால் குற்றம் இல்லை. தனி அடுப்பு என்றால் குற்றம். அஞ்சு மாதமாக இரண்டு அடுப்பு எரிகிறது. ஒன்றுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5 மார்ச், திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். ஈஸ்டர் வரை கறி மீன் தொட மாட்டேன். தெருவுக்கே தெரியும். தெரிகிற மாதிரி நான்தான் சொல்லிக்கொள்வேன், அந்தப் பெருமை எனக்கு உண்டு.

மேலே ரம்ஜான் நோன்பு. "இந்த வருஷம் உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணாவே வந்துருச்சு டீச்சரம்மா" என்று யூசுப் சிரித்தான். ரிஸ்வானா நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவனுக்கு நோன்புக் கஞ்சி அவள்தான் காய்ச்சுவாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

7 மார்ச், வெள்ளி



சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. செல்லதுரை சார் மனைவி ஜாய்ஸ் தாமதமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். முடிந்து வெளியே வரும்போது முழங்கையைப் பிடித்தாள். "டீச்சர், உங்க வீட்டத் தாண்டித்தான் வந்தேன். கறி வாசனை ஆளத் தூக்குது. நீங்க இங்க நிக்கிறீங்க. அங்க யாரு தாளிக்கிறா?"

என்னோடுதான் சாப்பாடு என்று சொன்னவள் நான். தவக்கால வெள்ளிக்கிழமை, நான் கோயிலில் நிற்கும்போது, என் வீட்டில் கறி வேகிறது. ஒன்று, மேலே தனி அடுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால்?

"நான்தான் வச்சிட்டு வந்தேன்" என்றேன். "எனக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் கறி சாப்பிடச் சொல்லிட்டார்."

கோயில் வளாகத்தில், சிலுவைப்பாதையின் பதினாலாவது ஸ்தலத்துக்கு, ஆண்டவரை அடக்கம் செய்யும் படத்துக்கு, நேர் எதிரில். அடிப்பாவி ஃபிளோரா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

8 மார்ச்

ஜாய்ஸ் காலையிலேயே முருங்கைக்கீரை சூப்போடு வந்துவிட்டாள். கறிக்குப் பதில் இதைக் குடித்தால் போதுமாம். பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டாளாம், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்றாராம். நல்ல மனசு. பேசிக்கொண்டே என் சமையலறை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். அடுப்பு மேல் ரசம் மட்டும்தான் இருந்தது.

10 மார்ச்

ரெஜின் போன். "அம்மா, எவனாவது புகார் குடுத்தான்னா சீல் வச்சிருவாங்க. மாடிய மட்டும் வைக்க மாட்டாங்க, படி உள்பட மொத்தமா வச்சிருவாங்க. ஜாக்கிரதையா இரு" என்கிறான். அனுப்பி வைத்தவனே இவன்தான். இப்போது ஜாக்கிரதை சொல்கிறான். போடா!

மொத்தமாக என்றால்? நான் எங்கே போவேன்? சீர்காழியில் தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு போய் நிற்பதா?

12 மார்ச்

மனுவை எழுதிவிட்டேன். நாலு பக்கம், ஒரு அடித்தல் இல்லை. "எங்கள் பகுதியின் அமைதியும் ஒழுங்கும்" என்று ஆரம்பம். எழுதும்போது மேலே குக்கர் விசில் அடித்தது.

14 மார்ச், வெள்ளி

கோயிலுக்குப் போவதற்கு முன்னால் ரிஸ்வானாவிடம் இன்றைக்குக் கஞ்சியில் கறி போடாதே என்று சொன்னேன்.  வெறும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போட்டுக் காய்ச்சினாள். நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமல் ஆலையில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதுதான். "நல்லாருக்கு" என்று யூசுப் இரண்டு தரம் சொன்னது கீழே கேட்டது.

15 மார்ச்

செல்லதுரை சார் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். "மனு மட்டும் போதாது டீச்சர். நாளைக்கு நம்மளப் பாத்து எவனும் விரல் நீட்டக் கூடாது. நாம நாலு பேர் வீடு வீடாப் போய்ப் பாத்து, இங்க ஒரு வீட்லயும் ரெண்டு அடுப்பு இல்லன்னு எழுதி மனுவோட சேத்துருவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை, 23."

நாலு பேரில் நானும் ஒருத்தி. என் வீட்டையும் நானே போய்ப் பார்க்க வேண்டும்.



16 மார்ச், ஞாயிறு

அடுப்பை எடுத்துவிட்டேன்.

எழுதினால் ஒரு வரிதான். யூசுப் டியூபைக் கழற்றி சிலிண்டரைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தான். ரிஸ்வானா சாமான்களைத் துணியில் கட்டினாள். "நான் கீழ வந்து சமைச்சுக்கறேன் டீச்சரம்மா. என்ன கஷ்டம்?" என்றாள். எட்டாம் மாதம். வெளிப்படி, பதினேழு படி.

அடுப்பு இருந்த சுவரில் எண்ணெய்க் கறை போகவில்லை. கூடத்தில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் கொண்டுபோய் அதை மறைத்து மாட்டினேன். கடைசியில் ஜெப அறை ஆகிவிட்டது. ரிஸ்வானா தன் தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆண்டவரே, பயத்தில்தான் செய்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இல்லைதானே?

18 மார்ச்

நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்குகிறாள். இன்று உட்கார்ந்து எண்ணினேன். எண்ணினேனே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

21 மார்ச், வெள்ளி

விழுந்துவிட்டாள்.

சிலுவைப்பாதை முடிந்து வந்தேன். கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது. படி முழுக்கக் கஞ்சி. கீழ்ப்படியில் கவிழ்ந்த பாத்திரம், ஒரு செருப்பு. "ரிஸ்வானா! ரிஸ்வானா!" என்று கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. கஞ்சியில் ரத்தம் கலந்திருந்ததா, இல்லையா? குனிந்து பார்க்கத் தைரியம் வரல. எனக்கு வரல.

ஜாய்ஸ்தான் எதிரிலிருந்து ஓடி வந்தாள். "சத்தம் கேட்டு எங்க வீட்டுக்காரர்தான் தூக்கிட்டுப் போயிருக்கார். பெரிய ஆஸ்பத்திரிக்கு. நீங்க உக்காருங்க டீச்சர், விழுந்துறப் போறீங்க."

என் கஞ்சிக் கரண்டி இன்னும் என் அடுப்புமேலயே இருக்கு. அந்தப் புள்ள என் சமையக்கட்டுல காச்சி, என் படியில தூக்கிட்டுப் போயி… நான்தானே! வேற யாரு?

22 மார்ச்

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஆபரேஷன். ஆண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ரிஸ்வானாவுக்கு ரத்தம் நிற்கவில்லை, தீவிர சிகிச்சையில் இருக்கிறாள். நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

மன்னார்குடி ஆலையிலிருந்து யூசுப் தவிடு படிந்த சட்டையோடு வந்து நின்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "நீங்க சாப்பிட்டீங்களா டீச்சரம்மா?" என்று கேட்டான். திட்டியிருக்கலாம்.

23 மார்ச், ஞாயிறு

சங்கத்தார் யார் வீட்டுக்கும் போகவில்லை. செல்லதுரை சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று ஜாய்ஸுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அன்றைக்கு ரிஸ்வானாவின் ஆஸ்பத்திரி ஃபைலை எடுக்க மாடிக்குப் போனவர் அவர்தான்.

24 மார்ச்

ரத்தம் நின்றுவிட்டது. பிழைத்துக்கொண்டாள். குழந்தை இன்னும் பெட்டியில்தான்.

25 மார்ச்

செல்லதுரை சார் வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்டார். கண் கலங்கினார், அது நிஜம். பிறகு குரலை இறக்கினார்.

"டீச்சர், மேல பாத்தேன். ஆண்டவர் படத்துக்குக் கீழ மேடை இருக்கு, சிங்க் இருக்கு, சுவத்துல கேஸ் டியூப் போற ஓட்டை இருக்கு. நான் என்ன சின்னப் புள்ளயா?"

"சார், அது…"

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அது வேற, இது வேற. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. மனுவ நீங்கதான் நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும். செயலாளர் குடுத்தாத்தான் மதிப்பு. நீங்க குடுத்துட்டீங்கன்னா, நான் மாடியவே பாக்கல."

தலையை ஆட்டினேன். மனு ஜெயித்தால் விதி மாறாது. விதி மாறாவிட்டால் ரிஸ்வானா பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளையோடு எந்த மாடிக்கு வருவாள்? மனுவைக் கொடுக்காவிட்டால் அந்த மாடியே இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

29 மார்ச்

ரிஸ்வானாவிடம் சொல்லிவிட்டேன். வார்டில், பக்கத்துக் கட்டில்காரி கேட்கும்படியே. "நான்தான்மா உன்ன ஏத்தி எறக்கினேன். அன்னைக்கு ஜன்னலச் சாத்தினது பூச்சிக்காக இல்ல, அடுப்ப எடுத்ததும் பயத்துலதான்."

"தெரியும் டீச்சரம்மா" என்றாள். "வழுக்கினது என் காலுதானே."

பிறகு சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா அன்னைக்கு நீங்க கீழ போனப்புறம் அழுதேன். மொத மொதல்ல எனக்குன்னு இருந்த அடுப்பு அது. முத்துப்பேட்டையில மாமியார் அடுப்பு, அதுக்கு முன்ன உம்மா அடுப்பு."

 போர்வையை இழுத்துவிட்டேன்.

31 மார்ச்

பெருநாள். யூசுப் தொழுதுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். சேமியா பாயசம் கொண்டுபோயிருந்தேன், அடிப்பிடித்துவிட்டது. குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றான். இவன் எதைக் குடித்தாலும் இப்படித்தான் சொல்வான்.

3 ஏப்ரல், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இன்னொரு தாள் எடுத்தேன். ஒரு பக்கம்தான். "எனது மனையில் இரண்டு அடுப்புகள் எரிந்துவந்தன. அனுமதி வரைபடத்தில் மாடியில் ஜெப அறை என்று காட்டப்பட்டிருப்பது சமையலறை. அதில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு இந்த ஊரில் வேறு வீடு கிடைக்கவில்லை. பயந்து அடுப்பை அகற்றினேன். அதனால் ஒரு கர்ப்பிணி படியில் விழுந்தார். புதிய விதி வந்தால் என்னைப் போன்றவர்கள் பொய் சொல்லாமல் இருக்கலாம். விதியை மாற்றவும்." மனை எண், கதவு எண், என் பெயர். கையெழுத்துப் போடும்போது வேர்த்து ஊற்றியது, ஃபேனுக்கு அடியில்.

பஸ்ஸில் இரண்டு மனுவையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு தடவை இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். பின்னால் இருந்த அம்மாள் "எந்த ஸ்டாப்புங்க உங்களுக்கு?" என்று சலித்துக்கொண்டாள்.

திட்ட அலுவலகத்தில் பூர்ணிமா என்று ஒரு சின்னப் பெண். சங்கத்து மனுவை வாங்கி நம்பர் போட்டாள். அடுத்ததை வாங்கிப் படித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

"ஆமாம்மா. அது தெருவுக்காக எழுதினது. இது நான் எழுதினது."

குரலைத் தாழ்த்தினாள். "அட்ரஸெல்லாம் போட்டிருக்கீங்க. உங்க மேல நீங்களே புகார் குடுத்த மாதிரிம்மா இது. ஆள் வந்து பாப்பாங்க. திருப்பி எடுத்துக்கறீங்களா? நான் இன்னும் நம்பர் போடல."

கை நீண்டுவிட்டது. சத்தியமாக நீண்டுவிட்டது, பொய் எழுத மாட்டேன். தாளின் ஓரத்தைத் தொட்டேன். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"போடும்மா நம்பர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றிக் கூடத்திலேயே மாட்டினேன். சாயங்காலம் யூசுப் அடுப்பை மேலே கொண்டுபோய்ப் பொருத்தினான்.

5 ஏப்ரல்

செல்லதுரை சாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நீங்களா டீச்சர்?" என்றார். திரும்ப, "நீங்களா?" அதோடு உள்ளே போய்விட்டார்.

ஜாய்ஸிடம் ரத்தம் கம்மி என்றது பொய் என்றும் சொன்னேன். "அப்ப என் சூப்பு?" என்றாள். குடித்தேன் என்றேன்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

கோயிலில் என் பெஞ்சில் நான் மட்டும். செயலாளர் பதவி போய்விட்டது. புதுச் செயலாளர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் பார்த்தேன்.

குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது.

2 மே

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஹம்தான் என்று பெயர். அழுகை பதினேழு படி தாண்டிக் கீழே வருகிறது. இரண்டு கிலோவில் இவ்வளவு சத்தமா!

14 மே

வந்தார்கள். இரண்டு பேர். கையில் எங்கள் வீட்டு வரைபடம், சிங்கராயர் கையெழுத்தோடு. 

"இது என்ன ரூம்?"

"வரைபடத்துல ஜெப அறைங்க. இங்க சமையல் நடக்குது."

"யாரு சமைக்கிறா?"

"நாந்தாங்க" என்று ரிஸ்வானா முன்னால் வந்து நின்றாள், தோளில் பிள்ளையோடு. போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். 

20 மே

நோட்டீஸ். முப்பது நாளைக்குள் இரண்டாவது சமையலறையை அகற்ற வேண்டும். தவறினால் மேல்நடவடிக்கை. வரைவு பரிசீலனையில் இருக்கிறது, அதுவரை பொறுக்க வேண்டும் என்று பதில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன்.

3 ஜூன்

பதில் இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறேன்.

11 ஜூன்

யூசுப், "நாங்க வேணா போயிடறோம் டீச்சரம்மா, உங்க வீட்டுக்கு வினை வேணாம்" என்றான். மூட்டை கட்டி வைத்திருக்கிறான் போலிருக்கிறது. எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "எட்டாவது வீடு தேடப் போறியா? பேசாம போய் வேலையப் பாரு" என்று நாலாம் வகுப்புக் குரலில் சொன்னேன். போய்விட்டான்.

20 ஜூன், வெள்ளி

முப்பது நாள் நேற்றோடு முடிந்துவிட்டது.

காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் வரவில்லை. நாளைக்கு வரலாம், திங்கட்கிழமை வரலாம். வரைவு இன்னும் வரைவுதான். புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, பாலத்தில் கூட்டம் என்று பால்காரர் சொன்னார். போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. பயம் போய்விட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போகவில்லை.

சாயங்காலம் மேலே தாளிக்கிற சத்தம். வெங்காயம், பட்டை, கறி. எழுந்து மாடிக்குப் போனேன், பழக்கத்தில். ஜன்னல் கதவில் கையை வைத்துவிட்டு, சாத்தாமல் இறங்கி வந்தேன்.

கேட்டருகில் நிற்கும்போது எதிர்வீட்டு வாசலில் ஜாய்ஸ். இரண்டரை மாதமாக முகம் பார்த்துப் பேசாதவள். அவள் பின்னால் நாற்காலியில் செல்லதுரை சார், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. தெருவில் நாலு பேர் இருந்தார்கள்.

"டீச்சர்!" என்று அங்கிருந்தே கேட்டாள். "வாசனை தெருமுனை வரைக்கும் வருதே. என்ன கொழம்பு இன்னைக்கு?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கீழ மோர்க்கொழம்பு ஜாய்ஸ்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "மேல என்னன்னு எனக்குத் தெரியாது. அது ரிஸ்வானா வீடு, அவளக் கேளு."